ஸ்கூப் கட்அவே: வெனீர் ஒட்டுவதா, குடைந்த மரத்தை அப்படியே விடுவதா?

நாலுதந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு டெனர் யுகுலேலே (நாலு தந்திச் சின்ன கிதார்) பாதியில் நிற்கிறது. ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்) 17 அங்குலம், கழுத்து 14ஆவது ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்குக் கம்பி) பெட்டியோடு சேர்கிறது. பின்பலகையும் பக்கமும் ஈட்டி மரம் (ரோஸ்வுட்), மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். பக்கங்களை வளைத்து அச்சில் வைத்தாயிற்று, மேல்பலகைக்கு பிரேஸ் (உள்ளே தாங்கும் மரச்சட்டம்) ஒட்டியாயிற்று. பெட்டியை இன்னும் மூடவில்லை.

இந்த நேரம் பார்த்து அத்தை மகன் (அவனுக்காகத்தான் செய்கிறேன்) ஸ்கூப் கட்அவே வேண்டும் என்கிறான். எங்கேயோ படத்தில் பார்த்திருக்கிறான். பார்க்காதவர்களுக்கு: வழக்கமான கட்அவேயில் பக்கப்பலகையே உள்நோக்கி வளையும், மேலிருந்து கீழ்வரை பெட்டி முழு உயரத்துக்கும் வெட்டுப்படும். ஸ்கூப்பில் பெட்டியின் வடிவம் மாறாது. கழுத்துக்குப் பக்கத்தில், முதல் தந்தி இருக்கும் பக்கத்துத் தோளில், மேல்விளிம்பை மட்டும் சரிவாகக் குடைந்து எடுத்துவிடுவார்கள். கை அந்தக் குழிவின் மேல் சறுக்கிக்கொண்டு மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போகும். பின்னாலிருந்து பார்த்தால் கட்அவே இருப்பதே தெரியாது.

உள்ளே ஒரு மரக்கட்டை ஒட்டிவிட்டு வெளியிலிருந்து குடைய வேண்டும் என்பது வரை புரிகிறது. அந்தக் கட்டை என்ன மரம், எவ்வளவு பெரிசு? குடைந்த பிறகு மேலே ஈட்டி வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டுவதா, அப்படியே விடுவதா? பைண்டிங் (விளிம்பில் பதிக்கும் ஓரப்பட்டை) எப்படி? செய்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாவாசிப்பவன் எழுதியது:

நான் செய்பவன் இல்லை, வாசிப்பவன். அதனால் வாசிப்பவன் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி: எதற்கு?

1932இல் மக்காஃபெரி என்ற கிதார் கலைஞர் வடிவமைத்து பாரிஸில் செல்மர் கம்பெனி வெளியிட்ட கிதாரிலேயே கட்அவே வந்துவிட்டது. 1949இல் கிப்சன் கம்பெனியின் ஈஎஸ்-175 கிதார் கூர்மூக்கோடு வந்தது. உருண்டையான வெனிசியன், கூரான ஃபுளோரன்டைன் இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. கை முழுசாக உள்ளே போகும், கட்டைவிரல் உட்பட. ஸ்கூப்பில் உள்ளங்கைக்கு மட்டும்தான் இடம். பின்பாதி பெட்டி அங்கேயே இருப்பதால் கட்டைவிரல் ஹீலோடு (கழுத்து பெட்டியில் சேரும் அடிக்கட்டை) நின்றுவிடும். ஒரு நண்பரின் ஸ்கூப் கிதாரைக் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். 17ஆவது ஃப்ரெட் வரை சுகம். அதற்கு மேல் கட்டைவிரலை எடுத்துத் தோள்மேல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்புறம், ஏற்கெனவே சின்னப் பெட்டியான யூக்கில் (யுகுலேலேயில்) உள்ளே ஒரு கட்டையை ஒட்டினால் எடையும் கூடும், காற்றும் குறையும். சத்தம் போகாதா?

பழையபட்டறை எழுதியது:

» எடையும் கூடும், காற்றும் குறையும். சத்தம் போகாதா?

நியாயமான சந்தேகம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும்.

டெனர் பெட்டிக்குள் ஏறத்தாழ 3.5 லிட்டர் காற்று. வெனிசியன் வெட்டினால் அதில் 200 மில்லிக்கு மேல், அதாவது 6 சதவீதம் போகும். பெட்டிக்காற்றின் அடிச்சுருதி கொள்ளளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும், ஆகவே சுருதி 3 சதவீதம் ஏறும். ஒரு ஃப்ரெட் தூரம் என்பது 6 சதவீதம். ஆக, வெனிசியன் பெட்டியின் காற்றுச்சுருதியை அரை ஃப்ரெட் மேலே தூக்குகிறது. ஸ்கூப்புக்கான கட்டை அடைப்பது 55 மில்லி போல. ஒன்றரை சதவீதம். சுருதியில் முக்கால் சதவீதம் போலத்தான். வித்தியாசம் காதுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரே மரத்தில் இரண்டு பெட்டி செய்து பக்கத்தில் வைத்துத் தட்ட வேண்டும்.

எடையும் அப்படித்தான். ஒட்டும்போது கட்டை பெரிசாகத் தெரியும். ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கை நீயே குடைந்து தூளாக்கப் போகிறாய். மிஞ்சுவது 20 கன சென்டிமீட்டருக்குள். லேசான மகாகனி என்றால் 10 கிராம். தோள்பகுதி லைனிங் (பக்கமும் பலகையும் சேரும் உள்மூலையில் ஒட்டும் மரப்பட்டை) இல்லாமல் போவதால் அதிலும் ஒன்றிரண்டு கிராம் கழியும். மேல்பலகையில் சத்தம் போடுகிற இடம் பிரிட்ஜைச் சுற்றித்தான், தோள் அல்ல.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. ஃபிங்கர்போர்டின் முனைக்குக் கீழே குறுக்கே ஒரு பிரேஸ் போகிறதே, அது வெறும் லைனிங்கில் போய் முடிந்தால் குடையும்போது அதன் தலை வெட்டுப்பட்டு அந்தரத்தில் நிற்கும். கழுத்து முன்னால் சாயாமல் பிடிப்பதில் அதற்குப் பங்குண்டு. யூக்கில் நான்கு நைலான் தந்தியின் மொத்த இழுவை ஏறத்தாழ 20 கிலோ, தாங்கிவிடும். 12 செட் கம்பி (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிப்பு) போட்ட கிதாரில் 70 கிலோவைத் தாண்டும், அங்கே விளையாட முடியாது. எதுவானாலும் பிரேஸின் முனையைக் கட்டைக்குள் காடி வெட்டி இறக்கு.

தம்பி, பெட்டியை மூடாமல் கேட்டது நல்லது. கட்டையின் இழை பக்கப்பலகையின் நீளவாக்கில் ஓடட்டும். ஈரப்பதம் மாறும்போது இரண்டும் ஒரே திசையில் விரியும், உளி ஓட்டும்போதும் பிய்த்துக்கொண்டு வராது. வெளிமுகம் பக்கத்தின் வளைவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், இடைவெளி விட்டால் குடைந்து போகும்போது அங்கே ஓட்டை தெரியும். குடைந்து முடித்ததும் எந்த இடத்திலும் 5 மி.மீக்குக் குறையாமல் மரம் மிஞ்சுகிற மாதிரி அளவு எடு. உள்பக்க மூலையைப் பெட்டி மூடுவதற்கு முன்பே சீவிவிடு. மூடிய பிறகு சவுண்ட் ஹோல் வழியாக உளி போகாது.

ஸ்கார்பரோதச்சன் எழுதியது:

ஓம், பழையபட்டறை ஐயா சொன்ன பிரேஸ் விசயம் முக்கியம். நான் வெளிப்பக்கத்தைப் பற்றிச் சொல்லுறன்.

நான் இருக்கிறது டொராண்டோவில். இந்த ஊருக்கும் இப்படியான வேலைக்கும் ஒரு தொடர்பு இருக்குது. கிரிட் லாஸ்கின் என்ற கலைஞர் இங்கேதான் கிதார் செய்கிறார். வலது முழங்கை படுகிற இடத்தில் பெட்டியின் விளிம்பைச் சரித்து எடுக்கிற ஆர்ம்ரெஸ்ட் அவருடைய யோசனை. பெட்டியைத் தடித்த தந்தி ஓரத்தில் ஒடுக்கமாகவும் மெல்லிய தந்தி ஓரத்தில் அகலமாகவும் ஆப்பு மாதிரிச் செய்கிறவர் லிண்டா மன்சர், ஜாஸ் கலைஞர் பாட் மெதினிக்கு 42 கம்பியில் 1984இல் பிக்காசோ கிதார் செய்து கொடுத்தவர். இரண்டு பேரும் ஜான் லாரிவே என்ற கிதார் தச்சரிடம் தொழில் பழகியவர்கள். வாத்தியம் உடம்பில் எங்கே குத்துகிறது என்று யோசித்த ஆட்கள். ஸ்கூப்பும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். உள்ளே கட்டை, வெளியே சரிவு, மேலே வெனீர் என்று ஆர்ம்ரெஸ்டுக்கும் ஸ்கூப்புக்கும் வேலை ஒன்றுதான். ஒன்று குவிந்தது, மற்றது குழிந்தது.

தம்பி, வெனீர் ஒட்டுகிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்கிற சுவர் ஒன்று இருக்குது. மேல்பலகையில் அழகாக ஒரு கோடு கீறுவார்கள், பக்கத்தில் ஒரு கோடு கீறுவார்கள், இரண்டையும் சேர்த்துக் கண்ணால் பார்த்துக் குடைவார்கள். கைக்கு வழுவழுவென்று இருக்கும். வெனீரை வைத்தால் ஒரு மூலை படியும், மற்ற மூலை எழும்பும். அமத்தினால் வெடிக்கும். கடதாசியைத் தம்ளரில் சுத்தலாம், தேங்காயில் சுத்த ஏலாது. ஒரு திசையில் மட்டும் வளைந்த முகத்தில்தான் தட்டையான தகடு படியும். இரண்டு திசையில் வளைந்தால் சுருங்கும், இல்லாவிட்டால் கிழியும்.

அதனால் நான் கோடு கீறுவதில்லை. குழாயைத் தெரிவு செய்கிறேன்.

பிளம்பிங் கடையில் 110 மி.மீ பிவிசி குழாயில் ஒரு முழத் துண்டு வாங்குங்கோ. 80 நம்பர் உப்புத்தாளை அதில் சுத்தி ஒட்டுங்கோ. உளியாலும் அரத்தாலும் முரட்டு வேலையை முடித்துவிட்டு, குழாயைத் தோளில் 45 பாகையில் வைத்து, அதன் நீளவாக்கில் மட்டும் முன்னும் பின்னும் தள்ளுங்கோ. உருட்டக் கூடாது, பக்கவாட்டில் ஆட்டவும் கூடாது. வருகிற முகம் உருளையின் ஒரு துண்டு, வேறு மாதிரி வரவே ஏலாது. விளிம்புக் கோடுகள் இரண்டும் தாமாகவே விழும். உங்கட டெனருக்கு மேல்பலகையில் 28 மி.மீ உள்ளே, பக்கத்தில் 32 மி.மீ கீழே என்று எடுத்தால் காணும். நடுவில் குழிவு 4 மி.மீ வரும். பார்க்கக் குறைவு, கைக்கு நிறையவே தெரியும்.

வெனீர் ஒட்டவும் அதே குழாய்தான். உப்புத்தாளை உரித்துவிட்டு பேக்கிங் டேப் சுத்துங்கோ, பசை பிடிக்காது. தாளின் தடிப்பு ஒரு மி.மீ, வெனீர் 0.6 மி.மீ. இரண்டும் ஏறக்குறையக் கழிந்துவிடும். மிச்சத்துக்கு இடையில் மெல்லிய கார்க் தகடு. கிளாம்ப் போட்டால் மூலைக்கு மூலை சீராக அமரும்.

கழுத்தை ஒட்டுவதற்கு முன்பே இதெல்லாம் முடிய வேண்டும். ஃபிங்கர்போர்டு ஏறிவிட்டால் குழாய்க்கு வழி இல்லை.

நாலுதந்தி எழுதியது:

குழாய் யோசனை பிரமாதம் அண்ணா. நேற்றே ஒரு துண்டு வாங்கிவிட்டேன், கடைக்காரர் காசுகூட வாங்கவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு தேவதாரு பேக்கிங் கட்டையில் தோள் வடிவம் வெட்டிச் சோதித்தேன். முகம் நன்றாக வருகிறது. ஆனால் மேல்பலகையில் விழும் கோடு ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருக்கிறது. படங்களில் அது வளைந்து, ஃபிங்கர்போர்டிலிருந்து ஓடிவருகிற மாதிரி இருக்கிறதே?

இன்னொன்று. வெனீரின் இழை எந்தத் திசையில் போக வேண்டும்? பக்கப்பலகைக்கு வளைத்தது போக மிஞ்சிய ஈட்டித் துண்டு இருக்கிறது, அதையே மெல்லிசாக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஸ்கார்பரோதச்சன் எழுதியது:

குழாயைப் படுக்கையாகப் பிடித்திருப்பீர்கள். அப்படிப் பிடித்தால் தட்டையான மேல்பலகையை அது நேர்கோட்டில்தான் வெட்டும். ஒரு முனையை எட்டுப் பத்துப் பாகை சரித்துப் பாருங்கோ, கோடு நீள்வட்டத்தின் துண்டாக மாறும். கழுத்துப் பக்கம் உயர்ந்து மற்ற முனை தாழ்ந்தால் ஒரு வடிவம், மாற்றிப் பிடித்தால் இன்னொன்று. பேக்கிங் கட்டையில் இரண்டையும் செய்து பார்த்து, பிடித்த கோணத்துக்கு இரண்டு மரத்துண்டால் தண்டவாளம் மாதிரி ஒரு வழி அடித்துவிடுங்கோ. கை களைத்தாலும் கோணம் மாறாது.

இழை குழாயின் நீளவாக்கில் போகட்டும். அப்போது வளைவு இழைக்குக் குறுக்கே விழும், 0.6 மி.மீ ஈட்டி சூடு காட்டாமலே வளையும். பக்கத்தின் இழையோடும் கண்ணுக்கு ஒத்துப்போகும். மிஞ்சிய துண்டை மெல்லிசாக்குவது நல்ல யோசனை, நிறம் பொருந்தும்.

கோத்தகிரிக்காரி எழுதியது:

எல்லாரும் வெனீர் என்றே ஆரம்பித்துவிட்டீர்கள். நான் எதிர்க்கட்சி.

குழாய் கொடுக்கிற முகத்தை மரம் ஏற்றுக்கொள்ளும், கை ஏற்றுக்கொள்ளுமா? கை இரண்டு திசையிலும் வளைந்தது. ஹீலுக்குப் பக்கத்தில் ஆழமாக ஆரம்பித்து, வெளியே போகப் போக அகலமாகி, தோளில் கரைந்து காணாமல் போகிற குழிவுதான் ஸ்கூப்பின் அழகு. அது உருளை இல்லை. அதற்கு வெனீர் படியாது என்றால் வெனீரை விட்டுவிட வேண்டியதுதானே? நல்ல மரத்தில் கட்டை போட்டுக் குடைந்து அப்படியே பாலிஷ் போடுங்கள். பைண்டிங் வளைக்கிற தலைவலியிலும் பாதி போய்விடும், ஓரத்தில் ஒரு மெல்லிய கருப்புக்கோடு மட்டும் ஓடவிட்டால் போதும்.

நிறம் பொருந்தாது என்பீர்கள். பொருந்த வேண்டாம், கருப்பாக்கிவிடுங்கள். ஈட்டிப் பெட்டியில் கருப்புத் தோள் எடுப்பாக இருக்கும். கடைச் சாயம் வேண்டாம். கடுக்காயை உடைத்துக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரை மரத்தில் இரண்டு முறை தடவிக் காயவிட வேண்டும். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட்ட தண்ணீரை அதன்மேல் தடவினால் கண்ணெதிரே கருக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மரத்துக்குள்ளேயே உண்டாகிற கருப்பு. கலம்காரித் துணியில் கருப்பு வருவதும் இதே வழியில்தான், அங்கே வினிகருக்குப் பதில் வெல்லத்தில் இரும்பை ஊறவைப்பார்கள். மேல்பலகை ஸ்ப்ரூஸில் ஒரு சொட்டு விழுந்தால் போச்சு, அதனால் பேப்பர் டேப் ஒட்டி, அதன் ஓரத்தில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) ஒரு கை ஓட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஹவாயில் யுகுலேலே செய்கிற கோவா மரம் அக்கேசியா வகை. அதன் நெருங்கிய சொந்தம் ஆஸ்திரேலிய பிளாக்வுட். வெள்ளைக்காரன் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்டது, சீகை மரத்தோடு சேர்ந்து இங்கே மலையெல்லாம் நிற்கிறது. அடுத்த யூக்குக்கு ஈட்டியை விட்டு அதைப் பாருங்கள். முறையான டெப்போ பில்லோடு.

பழையபட்டறை எழுதியது:

அக்கா சொல்கிற கருப்பு அருமையான கருப்பு, நானும் பிரிட்ஜுக்கு அதைத்தான் போடுகிறேன். ஆனால் மரத்தை வெளியே காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. அகலமான ஒரே கட்டை கிடைக்காமல் இரண்டு மூன்று பலகை ஒட்டித்தான் கட்டை செய்வோம். குழிவாகக் குடையும்போது அந்த ஒட்டுக்கோடுகள் வரைபடத்தில் மலையைக் காட்டுகிற வளையங்களாக வெளியே வரும். வேண்டுமென்றே செய்தால் அலங்காரம். வேண்டாதபோது வந்தால் பசை இருக்கிற இடத்தில் கடுக்காய் பிடிக்காமல் வெளுத்த கோடு நிற்கும். காட்டுவதென்றால் ஒரே கட்டையாகத்தான் எடுக்க வேண்டும்.

குழிவின் ஒரு முனையில் இழை அறுபட்டுத் தலைமரம் தெரியும். அங்கே பாலிஷை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மற்ற இடத்தைவிடக் கருத்தும் போகும். கருப்படித்தால் அது மறையும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

என் ஓட்டு வெனீருக்குத்தான். மேலே ஈட்டி வந்துவிட்டால் உள்ளே லேசான மரம் எதுவும் போடலாம். ஆனால் பசையில் கவனம். தண்ணீர்ப்பசை போட்டால் மெல்லிய வெனீர் ஈரம் குடித்து எதிர்ப்பக்கம் சுருளும், கிளாம்ப் வைப்பதற்குள் கையில் ஆட்டம் காட்டும். எபாக்ஸி அப்படிச் செய்யாது. ஆனால் சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். மே மாதம் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். வெனீர் கட்டாயத்தில் வளைந்து நின்றிருந்தால் அன்றைக்கு நிமிர்ந்துகொள்ளும். அதனால், சூடில்லாமல் வளைகிறது என்று அப்படியே ஒட்டாதே. வளைக்கும் குழாயில் சூடுகாட்டி, ஸ்கூப்பைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே வளைத்து ஆறவிடு. கையை எடுத்தாலும் அந்த வடிவத்திலேயே நிற்க வேண்டும். அப்புறம் எந்தப் பசையானாலும் கவலையில்லை.

ஓஎம்பெட்டி எழுதியது:

உங்கள் பேச்சுக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஓஎம் (ஆர்கெஸ்ட்ரா மாடல்) அளவு ஸ்டீல் தந்தி கிதார் ஆரம்பிக்கிறேன். அதே 110 குழாய் போதுமா? ஈட்டிதான் எனக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) தொல்லை வருமா?

பழையபட்டறை எழுதியது:

கிதாருக்கு 160 குழாய் எடு. மேலே 40, பக்கத்தில் 45 மி.மீ எடுத்தால் நடுக்குழிவு ஆறு மி.மீக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கட்டை பெரிசு, ஆகவே உள்பக்கத்தைக் கட்டாயம் குடைந்து லேசாக்கு.

ஈட்டி உட்பட டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் 2017இல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். 2019 நவம்பர் கடைசியிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு (பிரேசில் ரோஸ்வுட் வேறு கதை, அது முதல் பட்டியல்). பலகையாக அனுப்பினால் அனுமதி வேண்டும். மார்ட்டின் கம்பெனி பிரேசில் மரத்தை விட்டு 1969இல் நம்ம ஊர் ஈட்டிக்கு மாறியதிலிருந்து உலகத்துக் கிதார்காரர்கள் எல்லாருக்கும் இது வேண்டும். விலை அதற்கேற்ற மாதிரிதான். தமிழ்நாட்டில் ஈட்டிக்கென்றே தனிச்சட்டம் இருந்தது, பட்டா நிலத்து மரமானாலும் பில் இல்லாமல் வாங்காதே.

நாலுதந்தி எழுதியது:

கட்டை ஒட்டி, பிரேஸ் முனையைக் காடியில் இறக்கி, பெட்டியை மூடிவிட்டேன். தண்டவாளம் அடித்துக் குடைந்தும் முடித்தாயிற்று. கோடு லேசான வளைவோடு வந்திருக்கிறது. ஈட்டிப் பக்கம் உப்புத்தாளில் தேய்ந்து, உள்ளே இருக்கிற மகாகனி எட்டிப்பார்க்கிற இடம் பார்க்க அழகாகவே இருந்தது, அக்கா கட்சிக்கு மாறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கட்டை இரண்டு துண்டு ஒட்டியது என்பதால் மாறவில்லை. வெனீர் ஒட்டிவிட்டேன், மூலைகள் படிந்திருக்கின்றன.

இப்போது பைண்டிங். மேப்பிள் பட்டை, ஒன்றரை மி.மீ தடிப்பு. பெட்டியின் மற்ற இடங்களில் ரௌட்டரால் (காடி வெட்டும் சுழல் கருவி) காடி போட்டாயிற்று. ஸ்கூப்பின் இரண்டு விளிம்பிலும் ரௌட்டர் நிற்கவே இல்லை.

ஸ்கார்பரோதச்சன் எழுதியது:

நிற்காது தம்பி. ரௌட்டரின் பேரிங் செங்கோண மூலைக்குச் செய்தது. ஸ்கூப்பின் விளிம்புகள் இரண்டும் விரிகோணம். கீழ்விளிம்பில் அடித்தட்டு வைக்கத் தட்டையான இடமும் இல்லை. கைவேலைதான் வழி.

இரும்பு ஸ்கேலில் மெல்லியதாக, வளையக் கூடியதாக ஒன்று எடுங்கோ. இரட்டைப்பக்க டேப்பால் விளிம்புக்கு இணையாக ஒட்டி, புதுப் பிளேடு போட்ட கத்தியால் மெதுவாகக் கீறுங்கோ. முதல் கீறலில் அழுத்தவே கூடாது, ஈட்டியின் இழை கத்தியைத் தன் வழிக்கு இழுக்கும். இரண்டாவது மூன்றாவது கீறலில் ஆழம் தானாக வரும். பிறகு 3 மி.மீ உளி. வெனீர் முதலில், காடி பிறகு என்ற வரிசையில் வந்திருக்கிறீர்கள், அது சரி. வெனீரின் ஓரம் பைண்டிங்குக்குக் கீழே ஒளிந்துவிடும்.

மேல்விளிம்புக்கு உங்கட ஒன்றரை மி.மீ பட்டையே வளையும். கீழ்விளிம்புக்கு ஏலாது. அந்தக் கோடு பக்கத்தைச் சுற்றி வளைந்துகொண்டே கீழேயும் தாழ்ந்து எழும்புகிறது, பட்டை தன் தடிப்பு வாக்கிலும் வளைய வேண்டும், அகல வாக்கிலும் வளைய வேண்டும். மேப்பிளை அரை மி.மீ இழைகளாகச் சீவி, மூன்றாகச் சேர்த்து, 2 மி.மீ அகலத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கோ. சூடான இரும்பில் ஒவ்வொன்றாக வளைத்து, காடிக்குள்ளேயே பசையோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். கருங்காலியில் செய்யப் போகிறவர்கள் நிறைய உடைப்பார்கள், முன்கூட்டியே கூடுதலாகச் சீவி வைக்கட்டும்.

கண் போய் நிற்கிற இடம் முனைகள். ஸ்கூப்பின் மேல்கோடும் கீழ்கோடும் தோளில் சந்தித்து, பெட்டியைச் சுற்றி வருகிற பைண்டிங்கோடு சேரும். மூன்று பட்டை ஒரு புள்ளியில் வருகிறது. சுற்றி வருகிற பட்டையை முதலில் ஒட்டாமல், மூன்றையும் காய்ந்த நிலையில் வைத்துக் கோணம் வெட்டிப் பொருத்திப் பாருங்கோ. ஒன்று அரை மி.மீ குறைந்தாலும் அங்கே பசைக்கறுப்பு தெரியும். பர்ஃப்ளிங் கோடும் (பைண்டிங்கை ஒட்டி ஓடும் மெல்லிய அலங்காரக்கோடு) போடுவதாக இருந்தால் அதுவும் அந்த மூலையில் திரும்ப வேண்டும். முதல் ஸ்கூப்பில் பர்ஃப்ளிங் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கோத்தகிரிக்காரி எழுதியது:

பாருங்கள், ஒரு வெனீருக்காக எவ்வளவு வேலை. இந்நேரம் நான் பாலிஷ் போட்டு முடித்திருப்பேன்.

பாலிஷ் என்றதும் ஞாபகம் வருகிறது. குழிவான இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் நடுவில் தேங்கிக் கீழே ஒழுகும். பெட்டியைத் திருப்பிப் பிடித்து, குழிவு மேலே பார்க்கும்படி படுக்கவைத்து, மெல்லிசாகப் பல தடவை அடிக்கவும். ஷெல்லாக் என்றால் வம்பில்லை, துணிப்பொட்டலம் குழிவுக்குள் நன்றாகவே போகும். இடையில் தேய்க்க அந்தக் குழாயிலேயே 400 நம்பர் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் தேய்த்தால் அலையலையாக வரும், வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

சும்மாவாசிப்பவன் எழுதியது:

காற்றுக் கணக்கில் நான் தோற்றேன், சரி. கட்டைவிரல் விஷயத்தில் இன்னும் தோற்கவில்லை. டெனரில் 14இல் கழுத்து சேர்ந்தால் ஸ்கூப்பால் கூடுதலாகக் கிடைப்பது மூன்று நான்கு ஃப்ரெட். அதற்கு இத்தனை நாள் வேலையா?

பழையபட்டறை எழுதியது:

கிடைப்பது மூன்று நான்கு ஃப்ரெட்தான், அதில் சண்டை இல்லை. ஹீலைக் கொஞ்சம் மாற்றினால் இன்னும் ஒன்று சேரும். முதல் தந்திப் பக்கம் ஹீலின் கன்னத்தைச் சமச்சீராக விடாமல் மெலித்து, ஸ்கூப்பின் கீழ்விளிம்போடு கலக்கிற மாதிரி செதுக்கினால் கட்டைவிரல் ஒரு ஃப்ரெட் தூரம் கூட ஏறும். போல்ட் போட்ட கழுத்தில் போல்ட் ஓடுகிற இடத்தைத் தாண்டி எடுக்கக் கூடாது, சுற்றிலும் 6 மி.மீ மரம் விடு. தம்பியின் கழுத்து இன்னும் ஒட்டவில்லை என்பதால் இதைச் செய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் வெனிசியன்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஈட்டியை அந்த உள்வளைவுக்கு வளைக்கும்போது உடைந்த பக்கப்பலகைகள் எத்தனை பட்டறைகளில் மூலையில் கிடக்கின்றன என்று கேட்டுப்பார். ஸ்கூப்பில் பலகை சாதாரணத் தோளுக்குத்தான் வளைகிறது. நாள் கூடும், மரம் நஷ்டமாகாது.

நாலுதந்தி எழுதியது:

ஹீல் யோசனையை எடுத்துக்கொண்டேன், நாளை செதுக்குகிறேன். கீழ்விளிம்பில் முதல் இரண்டு இழை உட்கார்ந்துவிட்டது, மூன்றாவது காய்கிறது. அந்த மூன்று பட்டை சேரும் மூலை மட்டும் இன்னும் பாக்கி. அத்தை மகன் தினமும் போன் செய்து "முடிஞ்சிடுச்சா" என்கிறான். அவனையே ஒரு நாள் வரச்சொல்லி அந்த மூலையை வெட்டச் சொல்லலாமா என்றிருக்கிறேன்.

ஓஎம்பெட்டி எழுதியது:

160 குழாய் இங்கே சில்லறையில் தரமாட்டேன் என்கிறார்கள், 20 அடி முழுசாக வாங்கச் சொல்கிறார்கள். கோயம்புத்தூர் பக்கம் யாரிடமாவது துண்டு இருக்கிறதா?

நாலுதந்தி எழுதியது:

என் கடைக்காரரிடம் கேட்கிறேன். வீடு கட்டுகிற இடத்தில் கேட்டாலும் கிடைக்கும், வடிகால் போட்டு மிஞ்சியதை ஓரமாகத்தான் போட்டு வைத்திருப்பார்கள். வாங்கும்போது சாந்து ஒட்டியிருக்கிறதா, வெயிலில் கிடந்து கோணியிருக்கிறதா என்று மட்டும் உருட்டிப் பார்த்து வாங்குங்கள்.